ஏவியவர் யார், பொறுப்பாளி யார்? எபிரேய வேதத்தில் சோதனையும் இறைச்சித்தமும்

தாவீது ராஜா எடுத்த குடிக்கணக்கைப் பற்றி எபிரேய வேதத்தில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தின்படி, இஸ்ரவேலின்மேல் மூண்ட கர்த்தருடைய கோபமே தாவீதைத் தூண்டி அந்தக் கணக்கை எடுக்க வைத்தது. 1 நாளாகமம் 21ஆம் அதிகாரத்தின்படி தூண்டியவன் சாத்தான். நாளாகமத்தின் ஆசிரியர் சாமுவேலின் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டே எழுதினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆகவே இந்த மாற்றத்தைக் கைப்பிழை என்று தள்ளிவிட முடியாது. பழைய பதிவைப் படித்த ஒருவருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது. கடவுளே தூண்டி, மனிதன் செய்து, பிறகு கடவுளே தண்டித்தால் நியாயம் எங்கே?

இந்தக் கேள்விக்கு எபிரேய வேதம் எங்கேயும் ஒரு கோட்பாடாகப் பதில் சொல்லவில்லை. கடவுளின் ஆளுகையையும் மனிதனின் பொறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டில் ஒன்றையும் குறைக்காமல் கதையைத் தொடர்கிறது. இதை முரண்பாடு என்று சொல்பவர்களும் உண்டு, மறைபொருள் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை. அந்தப் பக்கங்களில் வேறொரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு தீமையைக் குறித்து 'இது கர்த்தரால் ஆனது' என்று எந்த வாய் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த ஒழுங்கு புலப்படும். கதை சொல்பவர் சொல்கிறார், பாதிக்கப்பட்டவர் சொல்கிறார். தீமை செய்தவன் சொன்னால் மட்டும் அது செல்லுபடியாவதில்லை.

முதலில் குடிக்கணக்கையே பார்ப்போம். உத்தரவைக் கேட்டதும் எதிர்ப்புத் தெரிவிப்பவன் யோவாப். அப்னேரையும் அமாசாவையும் நயவஞ்சகமாகக் குத்திக் கொன்ற படைத்தலைவன் அவன். மனசாட்சிக்குப் பேர்போனவன் அல்ல. அவனுக்கே இது உறுத்துகிறது. ஜனங்கள் நூறு மடங்கு பெருகட்டும், ஆனால் ராஜாவுக்கு இந்த ஆசை ஏன் என்று கேட்கிறான். ராஜாவின் சொல் அவன் சொல்லை அமுக்கிவிடுகிறது. படைத்தலைவர்கள் யோர்தானுக்குக் கிழக்கே ஆரோவேரில் தொடங்கி, கீலேயாத், தாண், சீதோன், தீரு என்று வடக்கே சுற்றி, தெற்கே பெயெர்செபாவில் வந்து முடிக்கிறார்கள். பயணத்துக்கு 9 மாதமும் 20 நாளும் ஆகின்றன. வாள் பிடிக்கத்தக்க ஆண்கள் இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று தொகை வருகிறது. நாளாகமத்தில் அது 11 லட்சம், 4,70,000.

அந்த 9 மாதம் 20 நாளை நான் முக்கியமாக நினைக்கிறேன். சோதனை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிவது என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். இங்கே அது மாதக்கணக்கில் நீள்கிறது. எந்த நாளிலும் ஓர் ஆளை அனுப்பி, போதும் திரும்பி வாருங்கள் என்று ராஜா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொகை கைக்கு வந்த பிறகுதான் அவனுடைய இதயம் அவனை அடிக்கிறது. அப்போது அவன் பேசும் பேச்சைக் கவனியுங்கள். தான் பெரிய பாவம் செய்துவிட்டதாகவும், புத்தியீனமாக நடந்துகொண்டதாகவும் சொல்கிறான். கர்த்தர் ஏவினார் என்று அந்த அதிகாரத்தின் முதல் வசனம் வாசகருக்குச் சொல்லிவிட்டது. தாவீதின் வாயில் அது வரவில்லை. நாளாகமத்தில் சாத்தானின் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

பிறகு காத் என்னும் தீர்க்கதரிசி மூன்று தண்டனைகளை முன்வைக்கிறான்: வருஷக்கணக்கில் பஞ்சம், பகைவருக்கு முன்னால் மூன்று மாத ஓட்டம், மூன்று நாள் கொள்ளைநோய். கொள்ளைநோய் வருகிறது. 70,000 பேர் சாகிறார்கள். பாவம் செய்தவன் நானல்லவா, இந்த ஆடுகள் என்ன செய்தன என்று தாவீது கர்த்தரிடமே கேட்கிறான். இதற்கு நேரான பதில் எதுவும் அந்த அதிகாரத்தில் இல்லை. எபூசியனான அர்வனாவின் போரடிக்கும் களத்தில் பலிபீடம் கட்டும்படி கட்டளை மட்டும் வருகிறது. அர்வனா களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தருவதாகச் சொல்கிறான். தனக்குச் செலவில்லாத பலியைச் செலுத்தமாட்டேன் என்று மறுத்து, 50 வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுத்து வாங்குகிறான் தாவீது. எருசலேம் ஆலயம் எழும்பியது அந்த இடத்தில்தான் என்கிறது நாளாகமம்.

கடவுள் மனிதனைத் தீமையிலிருந்து தடுப்பதும் உண்டா? உண்டு. கேராரின் ராஜாவான அபிமெலேக்கு சாராளைத் தொடாதபடி தாமே தடுத்ததாகக் கடவுள் கனவில் சொல்கிறார். ஆனால் தடுப்பு பெரும்பாலும் மனிதர் வழியாகவே வருகிறது. நாபால் என்னும் செல்வந்தன் தன்னை அவமதித்ததற்காக அவன் வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டிப்போட 400 பேரோடு கிளம்புகிறான் தாவீது. எதிரே கழுதைமேல் வருகிறாள் நாபாலின் மனைவி அபிகாயில். அவளுடன் 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த தானியம், 100 வற்றலான திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை. கீழே விழுந்து வணங்கி, இரத்தப்பழி உமக்கு வேண்டாம் என்று நியாயம் பேசுகிறாள். தாவீது திரும்பிப்போகிறான். கர்த்தரே உன்னை அனுப்பித் தடுத்தார் என்று அவன் சொன்னாலும், விரைந்து அத்தனையையும் ஏற்பாடு செய்தவள் அவள். குடிக்கணக்கின்போது யோவாப் நின்றதும் இதே இடத்தில்தான். ஒருவர் சொல்லை ராஜா கேட்டான், மற்றவர் சொல்லைக் கேட்கவில்லை. ஏவுதலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய இறையியலாளர்கள் இந்தத் தடுக்கும் குரல்களைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

இனி பார்வோன். யாத்திராகமத்தில் அவனுடைய இதயம் கடினமாவது ஏறத்தாழ இருபது இடங்களில் பேசப்படுகிறது. பத்து இடங்களில் கடினப்படுத்துகிறவர் கர்த்தர். மூன்று இடங்களில் பார்வோன் தானே அதைச் செய்கிறான். மற்ற இடங்களில் இதயம் கடினப்பட்டது என்று மட்டும் இருக்கிறது, யாரால் என்று இல்லை. கர்த்தர் இப்படிச் செய்யப்போவதாக மோசேயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஆனால் வாதைகள் தொடங்கிய பிறகு அவர் உண்மையில் கடினப்படுத்தினார் என்ற செய்தி ஆறாம் வாதையாகிய கொப்புளங்களில்தான் முதலில் வருகிறது. முதல் ஐந்து வாதைகளில் அந்தப் பிடிவாதம் பார்வோனுடையது. அதற்கும் முன்பே, வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்று அடிமைகளின் முதுகில் தடி விழச்செய்தவன் அவன். அந்த உத்தரவைப் போடும்போது அவனை யாரும் கடினப்படுத்தியதாகச் சொல்லப்படவில்லை.

கல்மழை ஓய்ந்ததும் 9ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் பார்வோன் தன் இதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், அவன் இதயத்தைக் கடினப்படுத்தினேன் என்கிறார் கர்த்தர். இடையில் ஒரே ஒரு வசனம். பல மூல ஆவணங்களைத் தொகுத்ததால் நேர்ந்த ஒட்டு இது என்று விமரிசன ஆய்வு சொல்லும். இருக்கலாம். ஆனாலும் கடைசியாகத் தொகுத்தவர் இரண்டையும் அருகருகே விட்டுவைத்தார் என்பதும் ஆய்வுக்குரிய உண்மைதானே. கல்மழை பெய்த அன்று பார்வோனும்கூட, இந்த முறை நான் பாவம் செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர் என்றுதான் சொல்கிறான். பிற்காலத்தில், உடன்படிக்கைப் பெட்டியை வைத்துக்கொண்டு தவிக்கும் பெலிஸ்தருக்கு அவர்களுடைய பூசாரிகள், எகிப்தியரும் பார்வோனும் செய்ததுபோல நீங்களும் இதயத்தைக் கடினப்படுத்தாதீர்கள் என்று புத்தி சொல்வதாக 1 சாமுவேல் 6ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. தவிர்த்திருக்கக்கூடிய ஒன்றாகவே அந்த அந்நியர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

யூத உரையாசிரியர்கள் இந்த இடத்தில்தான் அதிகமாக உழைத்தார்கள். எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மைமோனிடஸ், பார்வோன் தன் விருப்பப்படி இஸ்ரவேலை ஒடுக்கியதுதான் முதற்குற்றம் என்றும், அதற்குத் தண்டனையாக மனந்திரும்பும் வாசல் அடைக்கப்பட்டது என்றும் விளக்கினார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஸ்ஃபோர்னோ இதைத் தலைகீழாகப் பார்த்தார். வாதைகளின் வலி தாங்காமல் இணங்கினால் அது மனந்திரும்புதல் ஆகாது, பயத்தால் பணிவது சுதந்தரம் அல்ல, ஆகவே வலியைத் தாங்கும் உறுதியைக் கடவுள் பார்வோனுக்குக் கொடுத்து அவனுடைய தெரிவைக் காப்பாற்றினார் என்றார். ஸ்ஃபோர்னோவின் வாசிப்பு புத்திசாலித்தனமானது. ஆனால் யாத்திராகமத்தின் கதையோட்டத்துக்கு மைமோனிடஸ்தான் நெருக்கம் என்று எனக்குப் படுகிறது. தினம் தினம் மறுத்தவனுக்கு ஒரு நாள் மறுப்பதைத் தவிர வேறு எதுவும் முடியாமல் போகிறது. அந்த நிலைக்குக் கடவுளின் தீர்ப்பு என்று பெயர் வைக்கிறது வேதம்.

இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் கதை இன்னும் கூர்மையானது. கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் போருக்குப் போகலாமா என்று கேட்க ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகளைக் கூட்டுகிறான். போகலாம், வெற்றி நிச்சயம் என்கிறார்கள் அத்தனை பேரும். சிதேக்கியா என்பவன் இரும்பில் கொம்புகள் செய்து நடித்தே காட்டுகிறான். மிகாயா ஒருவன் மட்டும் பரலோக அவையில் தான் கண்டதைச் சொல்கிறான்: ஆகாபை ஏமாற்றி விழச்செய்ய ஓர் ஆவி முன்வந்தது, கர்த்தர் அதற்கு அனுமதி கொடுத்தார், இந்த 400 வாய்களிலும் இருப்பது அந்தப் பொய்யின் ஆவி. கடவுள் பொய்யை அனுப்பலாமா என்று நாம் திடுக்கிடுகிறோம். திடுக்கிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொறி ஏமாற்றப்பட இருப்பவனிடமே பகலில், பலர் முன்னிலையில் விளக்கப்பட்டுவிட்டது. கேட்டவன் மிகாயாவைச் சிறையில் போட்டுவிட்டு, மாறுவேடத்தில் களத்துக்குப் போகிறான். மாறுவேடம் போட்டான் என்றால் மிகாயாவின் சொல்லை உள்ளுக்குள் அவன் நம்பியிருக்கிறான். நம்பியும் போனான். குறிவைக்காமல் எய்த ஓர் அம்பு கவசத்தின் சந்தில் பாய்கிறது.

சாத்தானுக்கு இந்த வேதத்தில் நாம் நினைக்கிற இடம் இல்லை. ஏதேன் தோட்டத்துப் பாம்பை ஆதியாகமம் சாத்தான் என்று அழைக்கவில்லை. அந்த அடையாளம் பிற்காலத்தது. எண்ணாகமத்தில் பிலேயாமின் வழியில் எதிராளியாக நிற்பது கர்த்தருடைய தூதன், அங்கே பயன்படும் சொல்லும் 'சாத்தான்' என்ற இதே சொல்தான். யோபின் புத்தகத்திலும் சகரியா 3ஆம் அதிகாரத்திலும் அது குற்றம் சாட்டுபவனின் பதவிப்பெயர். பெக்கி டே 1988இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூன்றோடு நாளாகமத்தையும் சேர்த்து நான்கு இடங்களிலும் வருவது ஒரே ஆள் அல்ல என்று வாதாடினார். நாளாகமத்தில் வருபவன் ஒரு மனித எதிரியாகவே இருக்கலாம் என்றார் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் சாரா யாஃபெட். எப்படி எடுத்துக்கொண்டாலும், சாத்தானைக் கொண்டுவந்ததால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. யோபின் கதையில் அவன் அனுமதி வாங்கித்தான் தொடுகிறான். இரண்டாம் முறை அவன் வரும்போது, காரணமில்லாமல் யோபை அழிக்க நீ என்னைத் தூண்டினாய் என்று கர்த்தர் பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். இரண்டாம் அதிகாரத்தோடு சாத்தான் கதையிலிருந்து காணாமல் போகிறான். கடைசி அதிகாரத்தில் உறவினர்கள் வந்து ஆறுதல் சொல்வது கர்த்தர் வரப்பண்ணின தீங்குகளுக்காக.

தொடக்கத்தில் சொன்ன ஒழுங்கு வேறெங்கையும்விடத் தெளிவாகத் தெரிவது யோசேப்பிடம். என்னை இங்கே அனுப்பியவர் நீங்கள் அல்ல, கடவுள் என்று தன் சகோதரரிடம் சொல்கிறான். குழியில் போட்டு விற்கப்பட்டவன் அவன். விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. எகிப்தில் சிக்கிக்கொண்டபோது அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது, தம்பி கெஞ்சினபோது அவன் பட்ட வேதனையைப் பார்த்தும் காதுகொடுக்கவில்லையே, அந்தப் பழிதான் இது என்று. சீமேயியின் கதையும் இப்படித்தான். தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும் தாவீதின்மேல் அவன் கல்லெறிந்து தூஷிக்கிறான். அவன் தலையை வாங்கட்டுமா என்று அபிசாய் கேட்கும்போது, கர்த்தர்தான் அவனுக்குத் தூஷிக்கச் சொல்லியிருக்கலாம், விட்டுவிடு என்கிறான் தாவீது. நிலைமை மாறி ராஜா திரும்பி வரும்போது சீமேயி ஓடிவந்து விழுகிறான். நீங்களே சொன்னீர்களே, கர்த்தர்தானே சொல்லச் சொன்னார் என்று அவன் வாதாடவில்லை. நான் பாவம் செய்தேன் என்கிறான்.

மாறாக, தீமை செய்பவன் இந்த வாக்கியத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் வந்தான். 46 அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாக அவனுடைய கல்வெட்டுகள் பெருமை பேசுகின்றன. எருசலேமின் மதிலுக்கு வெளியே நின்று அவனுடைய தளபதி ரப்சாக்கே, கர்த்தர்தான் எங்களை இந்த நாட்டை அழிக்கச் சொன்னார் என்று கூவுகிறான். விசித்திரம் என்னவென்றால் ஏசாயாவும் அதையே சொல்லியிருந்தான். அசீரியா கர்த்தருடைய கோபத்தின் கோல் என்பது அவனுடைய 10ஆம் அதிகாரம். ஆனால் அதே மூச்சில், தன்னைப் பிடித்திருக்கும் கைக்கு மேலாக மேன்மை பாராட்டும் அந்தக் கோலுக்கும் தண்டனை உண்டு என்றான். அடிபடும் எருசலேம் சொன்னால் மனந்திரும்புதலாக இருக்கும் வார்த்தை, அடிப்பவன் வாயில் தூஷணம் ஆகிறது. ஆதாம் முதல் இதுவே வழக்கு. நீர் தந்த ஸ்திரீதான் கொடுத்தாள் என்று அவன் சொன்ன சாக்கு எடுபடவில்லை.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஏசாயா 63ஆம் அதிகாரத்தின் ஜெபத்தில், எங்களை உமது வழியைவிட்டுத் தப்பிப்போகச் செய்ததேன், எங்கள் இதயத்தைக் கடினப்படுத்தியதேன் என்று பாவம் செய்த ஜனங்களே கேட்கிறார்கள். அவர்களுடைய பரிசுத்த ஸ்தலம் மிதிபட்டுக் கிடக்கிறது. செய்தவர்களும் அவர்களே, நொறுங்கியவர்களும் அவர்களே. அதே ஜெபம் சில வரிகள் தாண்டி, நாங்கள் எல்லாரும் தீட்டானோம் என்ற அறிக்கைக்கு வந்துவிடுகிறது. தப்பிப்பதற்குச் சொல்லும் சாக்குக்கும் திரும்பி வருவதற்காக எழுப்பும் கூக்குரலுக்கும் உள்ள தூரம் இது.

எந்த ஒழுங்கினாலும் ஆறாத பக்கங்களும் உண்டு. எஸ்போனின் ராஜா சீகோன், யோசுவா 11ஆம் அதிகாரத்தின் கானான் நகரத்தார் ஆகியோரின் இதயத்தையும் கர்த்தர் கடினப்படுத்தினார், அவர்கள் அழிக்கப்படும்படி. அந்தக் கானான் நகரத்தாருக்கு மோசேயும் இல்லை, மிகாயாவும் இல்லை. பேச ஒரு வரியும் கொடுக்கப்படவில்லை. தலைப்பிள்ளையை இழந்த கூட்டத்தில், திரிகையண்டையில் இருந்து மாவரைத்த எகிப்திய அடிமைப்பெண்ணும் இருந்தாள் என்று யாத்திராகமமே சொல்கிறது. பார்வோனின் பிடிவாதத்தில் அவளுக்கு என்ன பங்கு? 70,000 பேருக்காகத் தாவீது கேட்ட கேள்வி இங்கேயும் கேட்கப்பட வேண்டியது. இவற்றுக்கு இறையியல் மெருகு பூசுவதைவிட, காயமாகவே வைத்துப் படிப்பது நேர்மை.

பின்வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். கி.மு. 180 அளவில் எழுதிய பென் சீரா, கடவுள்தான் என்னை வழிதவறச் செய்தார் என்று சொல்லாதே எனக் கண்டித்தார். ஆனால் அவரே வேறோர் இடத்தில் மனிதர் குயவன் கைக் களிமண் என்றும் எழுதினார். யூபிலி நூல், ஆபிரகாமைச் சோதிக்கும் யோசனையை மஸ்தேமா என்ற தீய தலைவன்மேல் ஏற்றியது. கும்ரானின் சமூக ஒழுங்கு நூல், ஒளியின் ஆவி, இருளின் ஆவி என்று இரண்டையும் கடவுளே படைத்ததாக எழுதி முன்குறித்தல் பக்கம் சாய்ந்தது. விதி எதுவும் இல்லை என்றவர்கள் சதுசேயர், எல்லாம் விதி என்றவர்கள் எசேனர், நடுவில் நின்றவர்கள் பரிசேயர் என்று யோசேபஸ் வகைப்படுத்துகிறார். ரபி அகிபா கடவுளின் முன்னறிவையும் மனிதனின் சுதந்தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று விளக்காமலே நிறுத்திக்கொண்டார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பார்வோனை மறுபடி சாட்சிக்கூண்டில் ஏற்றினார். 1524இல் எராஸ்மஸும் 1525இல் லூத்தரும் மோதிக்கொண்டபோதும் நடுவில் நின்றவன் அதே பார்வோன்தான்.

இந்த நீண்ட வழக்கில் என் மனம் திரும்பத் திரும்பப் போவது யோபின் நண்பர்களிடம். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று யோபு சொன்னான். பிள்ளைகள் பத்துப் பேரையும் இழந்தவன் சொன்ன சொல் அது. எல்லாம் கடவுளின் நீதியான செயல் என்று நண்பர்களும் சொன்னார்கள். இழப்பு எதுவும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் மூண்டது நண்பர்கள்மேல்.

ஆகவே நம் சபைகளில் பேசுகிறவர்களுக்கும் துக்க வீடுகளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்பதை இழந்தவர் சொன்னால் தலைவணங்கிக் கேளுங்கள், அவருக்கு முந்திக்கொண்டு நீங்கள் சொல்லாதீர்கள். மனைவியை அடித்த ஒருவன், சாத்தான் என்னைச் சோதித்துவிட்டான் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னால், அதற்கு அல்லேலூயா சொல்வதற்கு முன், நான் செய்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டாயா என்று கேளுங்கள்.